நாற்பது நாள் பூசாரி

"இப்பல்லாம் எவன் ஒரு வேலையை முழுசா செய்யறான்? வாத்தியாரு டெம்பரவரி. நர்சம்மா டெம்பரவரி. மலைக்கு வர்ற பஸ்ஸு கூட டெம்பரவரி. இப்ப ஆத்தாளுக்குப் பூசாரியும் டெம்பரவரியா?"

பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாயவன், ஊரே கேட்கட்டும் என்றுதான் இதைச் சத்தமாகச் சொன்னார். வெயில் கூசியதால் துண்டை முக்காடாக இழுத்துவிட்டிருந்தார். கரியாலூருக்கு மேலே முப்பது வீடுகள் உள்ள அந்த மலைக்கிராமம் மொத்தமும் மாரியாயி கோயில் முன்னால் கூடியிருந்தது. கோயிலைப் பூட்டிப் பதினோரு நாள் ஆகிவிட்டது.

ஊர்த் தலைவர் ராஜதுரை தொண்டையைச் செருமினார். "மாமா, கொஞ்சம் பொறுங்க. அந்தப் பொண்ணு தன்னைப் பத்திச் சொல்லட்டும். ஏம்மா, இவருதான்..."

"நான் யாருன்னு அப்பறம் சொல்லிக்கலாம். மொதல்ல அவ யாருன்னு சொல்லட்டும்."

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். மஞ்சள் சேலை, தோளில் ஒரு துணிப்பை. பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டாமல் ஒதுங்கி நின்று கும்பிட்டாள்.

"என் பேரு நர்மதாங்க. சேராப்பட்டுப் பக்கம் ஊரு. எங்கப்பா பூசாரி. அவரு போனப்பறம் ஆறு வருசம் எங்க ஊர்க் கோயிலை நான்தான் பாத்தேன். இப்பத் தம்பி பாத்துக்கறான். இங்க பூசாரிக்குக் கண்ணு ஆப்பரேசனாம், இன்னும் நாப்பது நாளு பொகை, சூடு கிட்ட போவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். தலைவரு வந்து கூப்ட்டாரு. அதான் வந்தேன்."

"பூசாரியைப் பாத்தியா?" என்றார் மாயவன்.

"இன்னும் பாக்கலீங்க பெரியவரே. பூசையை முடிச்சிட்டுப் போயிப் பாக்கணும்."

"பொழைப்பானா மாட்டானா?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நல்லா இருப்பாருங்க. நல்ல மனுசருன்னு சொன்னாங்க."

"எவன் சொன்னான்?" மாயவன் தலைவர் பக்கம் திரும்பினார். தலைவர் பலா மரத்தில் காய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாயவன் விடுவதாக இல்லை. எப்படியாவது இவளை ரெண்டு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். காலையிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

"ஆடி வருது. காவு குடுக்கணும். தண்ணி தெளிச்சா ஆடு ஒடம்பைத் துலுக்கணும், அப்பதான் ஆத்தா உத்தரவு. துலுக்கலைன்னா இன்னா பண்ணுவ?"

"துலுக்கற வரைக்கும் நிப்பேன். ஒரு வருசம் எங்க ஊர்ல காலையில தண்ணி தெளிச்சது, பொழுது சாயற வரைக்கும் துலுக்கலை. ஆடும் நானும் மொறைச்சுக்கினே நின்னோம். ஜனமெல்லாம் வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு வந்துச்சு. நான் நவுரல."

"யாரு ஜெயிச்சீங்க?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"கறி தின்னவங்கதாங்க."

ஊர் சிரித்தது. மாயவன் சிரிக்கவில்லை.

"மாசத்துல மூணு நாளு?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நர்மதா குனியவில்லை. "அந்த மூணு நாளும் நான் படிக்கு இந்தப் பக்கம் நிப்பேன். ஊர்ல ஒருத்தரு உள்ள போயி வெளக்கு ஏத்தட்டும். நீங்க கேக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன்."

"ஆத்தாளுக்கு ஒரு பொம்பளை பொடவை மாத்தறது இந்த ஊர்ல வழக்கமே கெடையாது."

"அதுக்காகவே இவ வரணும் மாமா," என்றாள் முன்வரிசையில் இருந்த சின்னப்பொண்ணு. "இத்தினி வருசமா ஆத்தா பொடவை கோணி சுத்துன மாதிரி கெடக்குது. பாக்கறப்பல்லாம் எங்களுக்குக் கை துறுதுறுங்குது."

"இத்தினி வருசமா வாயில இன்னா வெச்சிருந்தீங்க?"

"யாருகிட்ட சொல்றது மாமா?"

மாயவன் எழுந்து நின்றார். குரல் தணிந்தது, பிடிவாதம் தணியவில்லை. "நாப்பது நாளுன்னு வருவா. நாப்பது முடிஞ்சதும் போயிடுவான்னு எவன் கேரண்டி குடுப்பான்?"

"மாமா," என்றார் ராஜதுரை, "பதினோரு நாளா ஆத்தா இருட்டுல கெடக்கறா. அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. இந்தப் பொண்ணை இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

மாயவன் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நர்மதா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையிலிருந்து திரி, எண்ணெய் பாட்டில், சூடம் எல்லாவற்றையும் எடுத்துப் படியில் வைத்தாள்.

"சாவி யாருகிட்டங்க இருக்கு?"

எல்லாரும் மாயவனைப் பார்த்தார்கள். அவர் வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த கோயில் சாவியை மெதுவாக அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.

நர்மதா அப்போதுதான் முக்காட்டுக்குள் சிவந்திருந்த அவருடைய இடது கண்ணைக் கவனித்தாள். "நீங்கதானா பூசாரி? தெரியாம பேசிட்டேன். நாப்பதே நாளுங்க ஐயா. நாப்பத்தோராம் நாளு விடியறப்ப சாவி உங்க கையில இருக்கும். ஆத்தா மேல சத்தியம்."

மாயவன் அதைக் கேட்க நிற்கவில்லை. சரிவில் இறங்கி நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அப்ப இருந்த பூசாரிக்கு அம்மை எறங்கற வரைக்கும், பத்து நாளைக்குன்னு இதே சத்தியத்தைப் பண்ணித்தான் நானும் சாவி வாங்கனேன். பதினோராம் நாளு அவரு வந்து கேட்டாரு. நான் குடுக்கலை. நாப்பத்திரெண்டு வருசம் ஆச்சு."