தவளை கேட்ட சுக்கு

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன். சீன வைத்தியர் ஒருத்தர் கடைக்குப் பின்னால் ஒரு தவளை இருந்தது. கோடை முழுக்க அவருடைய காய்ந்த சாமந்திப்பூவை ஊறவைத்துக் குடித்து, குளுகுளுவென்று கிடந்தது. முதல் மழை பிடித்தது. அன்றைக்குக் கத்திக் கூப்பிட்டால்தான் ஜோடி வரும். தவளைக்கோ தொண்டை கட்டிக்கொண்டது.

"இன்னுமா சாமந்தி குடிக்கிறே?" என்றது சுவரிலிருந்த பல்லி.

"நேத்துவரைக்கும் ஒத்துக்கிச்சே, அக்கா!" என்று கரகரத்தது தவளை.

"நேத்து வெயிலுடா, மக்கு!"

பல்லி அலமாரியிலிருந்து ஒரு சுக்குத் துண்டைத் தள்ளிவிட்டது. தவளை அதைச் சப்பியது. தொண்டை திறந்தது, ஜோடியும் வந்தது.

அடுத்த கோடையில் தரை வெடிக்கிற வெயில். தவளை நாக்கு வறண்டு அண்ணாந்து பார்த்தது.

"அக்கா, நம்ம சுக்கு எங்கே?"

பல்லி ஒரு சாமந்திப்பூவை வாலால் தட்டிவிட்டது.