மாப்பிள்ளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

“நீங்க பாத்துட்டு வந்த சேவூர்ப் பொண்ணு தரணி ஒரே ஒரு கண்டிஷன் சொல்லுதுங்கக்கா. மாப்பிள்ளை ரத்த டெஸ்ட் பண்ணிக்கோணுமாம்.”

தரகர் ஆத்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அமராவதி கையிலிருந்த காபி டம்ளரை ணங்கென்று மேசைமேல் வைத்தாள்.

“என்னுங்க சொன்னீங்க? என்ற பையனுக்கா? அத்தனை திமிரா அந்தப் புள்ளைக்கு! சேவூர்ச் சம்பந்தமே வேண்டாம், போய்ச் சொல்லிப்போடுங்க!”

உள் அறையில் இருந்த குமாரவேலுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அம்மாவுக்குக் கோபம். அவனுக்குப் பயம்.

நல்லூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி அவர்களுடையது. அப்பா போன பிறகு அம்மாவும் மகனும்தான் நடத்துகிறார்கள். 2008 ஆரம்பத்தில் குமாரவேலின் எடை நூற்று முப்பது கிலோ. ஜாதகம் பொருந்தினாலும் போட்டோவைப் பார்த்ததும் பெண் வீட்டுக்காரர்கள் நழுவிவிடுவார்கள். கடைசியில் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லாமல் கோயமுத்தூர் போய், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டான்.

“தம்பி வாக்கிங் போயி இளைச்சுட்டானுங்க” என்று அமராவதி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொன்ன மாத்திரை பாட்டில் யார் கண்ணிலாவது பட்டால் ஆயிரம் கேள்வி வருமென்று, கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். செக்கப்புக்கும் விடவில்லை.

இளைத்தான்தான். ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. வாயோரமெல்லாம் புண். கட்டிங் டேபிளில் விரலில் பட்ட வெட்டு ஆறவே இல்லை. எதைத் தின்றாலும் வைக்கோலை மெல்வது போலிருந்தது.

“ஓனருக்கு அந்த வியாதியாம்ல…” செக்கிங் செக்‌ஷனில் யாரோ கிசுகிசுத்தது அவன் காதிலேயே விழுந்தது.

அவன் எந்தத் தப்புத் தண்டாவுக்கும் போகாதவன். ஆனால் ஆபரேஷன் அன்று ரத்தம் ஏற்றினார்களே? அந்த நினைப்பு வந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

எழுந்து வெளியே வந்தான்.

“நான் டெஸ்ட் பண்ணிக்கறேனுங்கம்மா.”

“உனக்கென்ன பைத்தியமா கண்ணு? ஊர் என்ன பேசும்?”

“இப்ப மட்டும் பேசாமயா இருக்குது? எனக்கு ஏதாவது இருந்தா, தெரிஞ்சே ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கலாமுங்களா?” தரகர் பக்கம் திரும்பினான். “எங்கீங்க போகோணும்?”

“அவிநாசியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்க தம்பி. தரணிப் பொண்ணே போன்ல சொல்லி வெச்சிருக்குதாம்.”

அவிநாசியில் டாக்டர் அவனை உட்கார வைத்து, விரல் காயத்தைப் பார்த்தார்.

“தரணி கேட்ட டெஸ்டெல்லாம் எழுதிட்டேன். ரத்தம் குடுத்துட்டுப் போங்க.”

குமாரவேல் எழுந்திருக்கவில்லை.

“ஹெச்.ஐ.வி.யும் அதுல இருக்குதுங்களா?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அதை அந்தப் பொண்ணு கேக்கலையே. உங்களுக்கு ஏதாவது சந்தேகமா?”

அவ்வளவுதான். இத்தனை நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. ஆபரேஷன், ஏற்றிய ரத்தம், நிறுத்திய மாத்திரை, கம்பெனிப் பேச்சு எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சரி. உங்க மனசுக்காக அதையும் பாத்துடலாம்.”

ரிசல்ட் வரும்வரை அந்த வாரம் அவன் கம்பெனியில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுபடி அவன் எதிரில் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் முதலில் சொன்னது, “நீங்க பயந்தது இல்லை. நிம்மதியா இருங்க.”

குமாரவேல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது.

“உங்களுக்கு ஜிங்க் சத்து அடிமட்டத்துல இருக்கு. இந்த ஆபரேஷன் பண்ணினா சாப்பாடும் குறையும், சாப்பிடறதுல இருக்கற சத்தும் முழுசா உடம்புல சேராது. அதுக்குத்தான் மாத்திரையை விடக் கூடாதுன்னு சொல்றது. முடி கொட்டறது, புண் ஆறாதது, ருசி தெரியாதது எல்லாத்துக்கும் இதுதான் முக்கியக் காரணம். எழுதித் தர்ற மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, செக்கப்புக்கு வாங்க. போகப் போகச் சரியாயிடும்.”

“தரணி எதையெல்லாமுங்க பாக்கச் சொல்லுச்சு?”

“ஜிங்க், இரும்புச் சத்து, பி12. இந்த ஆபரேஷன் ஆனவங்களுக்குப் பாக்கற டெஸ்டுங்க. வேற ஒண்ணும் கேக்கலை.”

வெளியே வந்தவன், பஸ்களின் ஹாரன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தரகர் கொடுத்திருந்த நம்பரில் தரணிக்குப் போன் போட்டான்.

“ஏனுங்க, எனக்கு ஆபரேஷன் ஆனது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தரணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அரை இட்லிய அத்தனை நேரம் மென்னு சாப்பிட்டீங்க. பக்கத்துல இருந்த தண்ணியத் தொடவே இல்லீங்க. அப்பறம் அந்த வாய்ப்புண்ணு… எல்லாரு முன்னாலயும் கேட்டா உங்களுக்குச் சங்கடம். சும்மா டாக்டர்கிட்டப் போங்கன்னு சொன்னாலும் போயிருக்க மாட்டீங்க. அதுதான் கண்டிஷன்னு சொல்லிட்டனுங்க. உங்கம்மா என்னைத் திட்டியிருப்பாங்க. பரவால்லீங்க, சம்பந்தம் அமையாட்டியும் சரி, உங்க உடம்பு தேறுனாப் போதும்.”

குமாரவேல் பஸ் சத்தத்திலிருந்து ஒதுங்கிச் சுவரோரமாய் நின்றான்.

“அதெல்லாம் பாத்ததும் எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?”

“எங்கம்மாளும் அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதானுங்க” என்றாள் தரணி மெல்ல. “வெளிய தெரிஞ்சா என்ற கல்யாணம் நின்னு போயிருமுன்னு, நாங்களும் உங்க ஊட்டுல மறைச்சுத்தானுங்க பொண்ணு காட்டுனோம்!”