குட்டைக்கால் மேசை

வங்கி மேனேஜரின் மேசைக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமலிருக்க, யாரோ அவசரத்துக்கு ஒரு வீட்டுப் பத்திரத்தை மடித்து அடியில் செருகியிருந்தார்கள்.

கடனை முழுக்க அடைத்துவிட்ட செண்பகவல்லி அன்றும் வந்து நின்றாள்.

"உங்க பத்திரத்தைத் தேடிக்கிட்டேதாம்மா இருக்கோம்," என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. கொஞ்சம் காலைத் தூக்கேன்," என்று அடியிலிருந்து பத்திரம் கெஞ்சியது.

"தூக்கினா நான் ஆடுவேன். ஆடுற மேசையைக் குடோன்ல போட்டுடுவாங்க," என்று முணுமுணுத்தது மேசை.

நடையாய் நடந்த களைப்பில் செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆபீஸ்ல இது ஒண்ணாவது ஆடாம நிக்குதே சார்," என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மேசை கூனிக் குறுகியது. அப்போதும் காலைத் தூக்கவில்லை.