இழுத்துக்கொண்டு கிடந்த டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்து, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன்மீது ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டாள் டாக்டரம்மா. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. பழுதான கம்ப்யூட்டர்களுக்கு இப்படிக் காது கொடுப்பதைப் பார்த்துத் தெருவே வைத்த பெயர்.

டக்... டக்... டக்.

"இழுத்துக்கிட்டுக் கிடக்குது. எத்தனை வருஷமா ஓடுது?"

"தெரியலைங்க. வாங்கினதே செகண்ட் ஹேண்ட்" என்றார் வந்தவர். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைப் புருவம் மறைய இழுத்துவிட்டிருந்தார். "ஆபீஸ்ல புதுசு கேட்டா ஆறு மாசம் ஆகும். உள்ள இருக்கிற போட்டோ அத்தனையும் வேணும். ஒண்ணு விடாம."

"குடும்பப் படமா?"

"இல்ல. நீங்க எதையும் திறந்து பார்க்கக் கூடாது."

"நல்லா இருக்கே! காப்பி ஒழுங்கா வந்திருக்கான்னு பத்துக்கு ஒண்ணாவது திறந்து பார்க்காம எப்படிங்க கொடுக்கிறது? நாடி பிடிக்காம மருந்து கேட்கிறீங்களே!"

தொப்பிக்காரர் தயங்கினார். "சரி, பார்த்ததை மறந்துடுங்க. நாளைக்குப் பகல் முழுக்க எனக்கு வேற இடத்துல வேலை, சாயங்காலம் வரேன்."

மறப்பதா? டாக்டரம்மாவா? 'நீ ரிப்பேர் பார்க்கிறதைவிட மூக்கை நுழைக்கிறதுதான் ஜாஸ்தி' என்று அவள் வீட்டுக்காரர் சொல்லாத நாளே கிடையாது.

டிஸ்க் நாலு படம் கொடுக்கும், மூச்சுத் திணறி நின்றுவிடும். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, "என் ராஜா, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி வாங்கினாள். மறுநாள் காலைக்குள் முக்கால்வாசி கடைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது.

பத்தாவது படத்தைத் திறந்தாள். ஒரு பச்சைக் கதவு. இருபதாவதில், அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண். முப்பதாவதில், அதே பெண் ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எல்லாமே எதிர் மாடியிலிருந்து, நீலத் திரைச்சீலையின் இடுக்கு வழியே எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, நாற்பது நாளுக்கும் ஒரு குறிப்பு வேறு: '9.10. கிளம்பினாள். தனியாக.' '11.25. திரும்பினாள்.' '2.00. ஜன்னலைச் சாத்தினாள். தனியாக.'

அந்தத் 'தனியாக'வை டாக்டரம்மா இரண்டு முறை படித்தாள்.

பச்சைக் கதவு அவளுக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடையை ஒட்டிய வீடு. கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடினாள். எதிர் மாடிக்குத் தெரியாமலிருக்கப் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் தட்டினாள்.

திறந்த பெண்ணுக்குப் பச்சைப்பிள்ளை முகம்.

"தங்கச்சி, நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி. உன்னை ஒருத்தன் எதிர் மாடியிலேருந்து படம் பிடிச்சுக்கிட்டிருக்கான். நாப்பது நாளா! நீ எப்ப வர்றே, எப்ப போறேன்னு எல்லாம் குறிச்சு வச்சிருக்கான்."

அவள் முகம் வெளிறியது. "தொப்பி போட்ட ஆளாக்கா?"

"அவனேதான். கிளம்பு, போலீசுக்குப் போவோம்."

"ஐயோ, வேண்டாங்க்கா!" அவள் டாக்டரம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "போலீசு, கேசுன்னு என்னால அலைய முடியாது. நான் இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடறேன். நீங்க யார்கிட்டேயும் மூச்சு விடாதீங்க, போதும்."

பாவம், எவ்வளவு பயந்திருந்தால் இப்படிச் சொல்வாள்! டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"கூடப் பிறந்தவகூட இப்படி ஓடி வரமாட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண், உள்ளே போய், பிரிக்காத புது ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "தம்பி வாங்கிப் போட்டது. எனக்கு இதுல என்ன தெரியும்? உங்க தொழிலுக்காவது ஆகும். மறுக்கக் கூடாது."

மதியம் சாமான் ஏற்றிய வேன் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. முன் சீட்டிலிருந்து அந்தப் பெண் கையசைத்தாள். வேன் முனை திரும்பும்வரை டாக்டரம்மாவும் தோள் வலிக்க ஆட்டினாள்.

பிறகு உட்கார்ந்து மிச்சப் படங்களையும் மீட்டாள். கடைசிப் படம் வந்ததும் பழைய டிஸ்க் ஒரே ஒரு 'டக்' சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது. படங்கள் எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றினாள். ஆதாரமாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும்!

சாயங்காலம் தொப்பிக்காரர் வந்தார். "ஆச்சாங்க?"

"ஆச்சு. உங்க ஆட்டமும் ஆச்சு!" புது டிஸ்க்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வயசுக்கேத்த புத்தி வேண்டாம்? நீங்க ஒளிஞ்சிருந்து எடுத்த லட்சணம் அத்தனையும் இதுல இருக்கு. அந்தப் பொண்ணை நான் தப்பிக்க வச்சாச்சு. இப்ப போலீசைக் கூப்பிடப் போறேன்."

தொப்பிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. டிஸ்க்கில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கூப்பிட வேண்டாம்மா, போலீஸ் வந்தாச்சு" என்று தம் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"கம்ப்யூட்டர் கோடவுனை உடைச்சு அந்தப் பொண்ணு அள்ளிட்டுப் போன இருநூறு புது டிஸ்க்கைப் பிடிக்கத்தான் நாப்பது நாளா அந்த மாடியில தவம் கிடந்தேன், இதுவரைக்கும் சிக்கினது ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்க கையில இருக்கு."