சராசரிப் புள்ளி

எண்ணூருக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலில், இரண்டாம் அதிகாரி சஹாபுதீன் புது மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஜிபிஎஸ் ஓயாமல் சொல்லும் இடங்களைப் பதிந்து, சராசரி எடுத்து, கப்பல் நிற்கும் சரியான இடத்தை அது காட்டும். மதியம் வந்து பார்த்தான். பதிவான புள்ளிகள் அத்தனையும் கடலில் இருந்தன. சராசரி மட்டும் கரையேறி, பொன்னேரியில் அவன் வீட்டின் மேல் நின்றது.

மறுபடி கணக்கிட வைத்தான். அதே வீடு. மனைவி நௌஷீனை செல்போனில் அழைத்தான்.

"நானே போன் பண்ணலாம்னு இருந்தேங்க. காலைலேர்ந்து ஊடு மெதுவா ஆடிக்கினே இருக்குது. ஒரே பேஜாரா இருக்குது."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே அலை அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் துளியும் ஆடவில்லை.

"புள்ளயத் தூக்கிக்கினு வெளிய வா!" என்று கத்தினான்.

அதே நேரம் கேப்டன் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். முன்தளத்தில் சங்கிலி சத்தமே இல்லாமல் மேலேறியது. அதன் கடகடப்பு போனுக்குள் கேட்டது.

"வாசலுக்கு வந்துட்டேங்க," என்றாள் நௌஷீன். "எப்டி எறங்கறது? தெரு பின்னால போய்க்கினு இருக்குது."