ஏழாவது கேள்வி

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பெரிய போத்தலில் தண்ணீர் பிடித்து, கட்டிலில் லோகேஸ்வரி படுக்கும் பக்கம் வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

தொண்டைப் புற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சில் அவள் எச்சில் சுரப்பிகளும் கருகிவிட்டன. இரவெல்லாம் எழுந்து வாயை நனைத்துக்கொள்வாள். விடிவதற்குள் போத்தல் காலியாகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பும்போது போன் வந்தது.

"அண்ணே, ஸ்டெம் செல் யூனிட் நர்ஸ் ஷாமினி. அக்கா தவறி ஒரு மாசம் ஆயிடுச்சு. ஃபைல் முடிக்கணும். ஏழு கேள்விதான் லா, கேக்கலாமா?"

"கேளுங்க."

லோகேஸ்வரியின் இடுப்பெலும்பில் குத்தி எடுத்த செல்களைத்தான், எச்சில் மறுபடி ஊறட்டும் என்று, சுரப்பிகளில் ஊசியாகப் போட்டார்கள். பலன் தெரிய நாளாகும் என்றார்கள். ஏழாவது வாரம், நான் வேலையில் இருந்தபோது, கதிர்வீச்சில் நைந்திருந்த கழுத்து ரத்தக்குழாய் வெடித்தது.

சுடுகாட்டில் நான் அழவில்லை. அதற்கு முன்பும் அழுததில்லை. "கல்லுடா நீ" என்றான் அவள் அண்ணன்.

"தண்ணி இல்லாம சாப்பாடு எறங்குச்சா?"

"இல்ல."

"பேசுறப்ப நாக்கு ஒட்டாம இருந்துச்சா?"

"இல்ல."

ஆறு கேள்விக்கும் அதே பதில்தான்.

"ஊசி போட்டன்னிக்கு அக்கா என்னா சொன்னாங்க தெரியுமா? 'எச்சில் வரட்டும், மொதல்ல ஒங்க டாக்டர் மேலதான் துப்புவேன்'னாங்க." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "சோரிண்ணே. கடைசி கேள்வி. தூங்குறப்ப வாயோரம் எச்சில் வடிஞ்சிச்சா?"

"இல்ல."

"அப்ப, பலன் இல்லன்னு போட்டுடவா?"

"போடுங்க."

அவள் பட்ட அவ்வளவு வலியும் வீண். இனி அது காகிதத்திலும் இருக்கும்.

பையை எடுக்க அறைக்குப் போனேன். போத்தல் நிரம்பி நின்றது. அவள் இருந்த கடைசிக் காலையிலும், முந்தின இரவு நான் வைத்த போத்தல் இப்படித்தான் நின்றது, மூடிகூடத் திறக்காமல்.

அன்று நான் கிளம்பும்போது அரைத்தூக்கத்தில் கன்னத்தைத் துடைத்தபடி ஏதோ கேட்டாள். "இல்ல, தூங்கு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினேன். அவள் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"ஏங்க, என் தலகாணி ஈரமா இருக்கு... ராத்திரி அழுதீங்களா?"