மேல வயல் மண்

ஊரே விதைத்திருக்கும் இந்த ரக நெல்லுக்கு யூரியா போடக் கூடாது. வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டும். யூரியா பட்டால் அவை வேலையை நிறுத்திவிடும். வடிகிற தண்ணீரோடு அந்தக் கேடு அடுத்த வயலுக்கும் போகும்.

கலியமூர்த்திக்கு இது தெரியும். ஆனாலும் பயிர் லேசாக வெளுத்ததும் பொறுக்கவில்லை. எவனோ பதுக்கி வைத்திருந்த யூரியா மூட்டையை வாங்கிவந்து, ஆளில்லாத நேரம் பார்த்துத் தூவிவிட்டார்.

அவர் பயிர் கருகருவென்று நின்றது. கீழ வயலில் நீலாவதியின் பயிர் மஞ்சளாகிப்போனது.

பயிர் சீக்குப்பட்டால், செழித்த வயலின் மண்ணை வாங்கிப் போடுவது அந்த ஊர் வழக்கம். நீலாவதி கூடையோடு வந்தாள். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"அண்ணே, ஒரு கூடை மண்ணு குடுங்க. நான்தான் பயிரைச் சரியா பாக்கல போலருக்கு."

"உன் மேல என்னம்மா தப்பு" என்றார். மண்வெட்டியை எடுத்தார்.

"அந்த மூலையில வெட்டுங்கண்ணே. அங்கதான் நல்லா கறுத்திருக்கு."

மூட்டையைப் பிரிக்கும்போது யூரியா கொட்டிய மூலை அது. கலியமூர்த்தி அங்கேயே வெட்டினார். கூடையைத் தூக்கி அவள் தலையிலும் வைத்தார்.

"உங்க மனசு யாருக்குண்ணே வரும்" என்றபடி அவள் வேகமாக நடந்தாள்.

செருப்பை விட்டுவிட்டுப் போகிறாள். அவர் கூப்பிடவில்லை.